பாதியில் நின்ற நாடகத்துக்கு ஒரு வக்காலத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏதாவது ஒரு இசை நாடகத்தில் மைக் வேலை செய்யாமல் போனாலோ, மேடையில் நகர வேண்டிய அமைப்பு நடுவழியில் சிக்கிக்கொண்டாலோ, மறுநாள் விமர்சனத்தில் 'சொதப்பல்' என்ற ஒரே சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். சமூக வலைதளங்களில் இன்னும் மோசம். பத்துப் பதினைந்து நொடி வீடியோ, அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள், அவ்வளவுதான் கதை. எனக்கு இது சரியாகப் படவில்லை. மேடைக் கோளாறுகளில் சிரித்துவிட்டுப் போகக்கூடியவையும் உண்டு, உயிரோடு விளையாடுபவையும் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்து எழுதுவது ஒரு பக்கம் இருக்கட்டும், நாடகத்தைப் பாதியில் நிறுத்தினார்கள் என்பதைத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய அவமானமாக எழுதுகிறார்கள். பல நேரங்களில் அன்றைக்கு அந்த அரங்கில் ஒழுங்காக நடந்த காரியமே அந்த நிறுத்தம்தான்.

முதலில் மைக்கை எடுத்துக்கொள்வோம், அதிகம் திட்டு வாங்குவது அதுதான். இசை நாடக நடிகர்கள் அணியும் மைக் நகக்கண் அளவுகூட இருக்காது. நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலோ, பொய்முடிக்கு உள்ளேயோ, காதோரத்திலோ ஒட்டியிருப்பார்கள், அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி முதுகு வழியாக இறங்கி இடுப்பில் கட்டிய, குரலை வானலையில் அனுப்பும் சின்ன டிரான்ஸ்மிட்டருக்குப் போகும். அந்த நடிகர் கொளுத்தும் விளக்குக்குக் கீழே கனமான உடையோடு ஆடிக்கொண்டே பாடுகிறார், வியர்வை நெற்றியில் வழிகிறது, ஒரு சொட்டு நேராக மைக்கின் வாயில் போய் அடைத்துக்கொள்கிறது. உடனே குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவது மாதிரி மங்கிவிடும். உடை மாற்றும் அவசரத்தில் கம்பி இழுபட்டு உள்ளே அறுந்துவிட்டால் கரகரவென்று சத்தம் வரும், இல்லையென்றால் ஒன்றுமே வராது. முக்கிய நடிகர்களுக்கு இரண்டு மைக், இரண்டு டிரான்ஸ்மிட்டர் மாட்டி அனுப்பும் வழக்கம் இதனால்தான் வந்தது.

சரி, சவுண்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்பவர்கள், அவர் என்ன செய்கிறார் என்பதை ஒரு தடவை அருகில் நின்று பார்த்தால் அப்புறம் கேட்க மாட்டார்கள். எல்லா மைக்கையும் திறந்து வைத்துவிட்டு அவர் சும்மா உட்கார முடியாது. ஒரே குரல் நாலைந்து மைக்கில் சற்று முன்பின்னாக விழுந்தால் குடத்துக்குள் பேசுவது மாதிரி ஆகிவிடும், கூடவே ஊளைச் சத்தமும் கிளம்பும். அதனால் யார் வாய் திறக்கிறாரோ அவருடைய மைக்கை மட்டும் அந்த வரிக்கு மட்டும் திறந்து, வரி முடிந்ததும் மூட வேண்டும். இரண்டரை மணி நேர நாடகத்தில் ஒவ்வொரு வசனத்துக்கும் இதே வேலை. காதலனும் காதலியும் கட்டிப்பிடித்துப் பாடும்போது இருவர் மைக்கும் ஒன்றுக்கொன்று அருகில் வந்துவிடும் என்பதால் ஒன்றை மூடி மற்றதிலேயே இரண்டு குரலையும் எடுப்பார்கள். ஒருவருடைய மைக் செத்துவிட்டது என்று தெரிந்தால் அனுபவமுள்ள நடிகர் கதையை விட்டு வெளியே வராமலே பக்கத்தில் இருப்பவரை நெருங்கி நின்று அவர் மைக்கில் தன் வரிகளைச் சொல்லிவிடுவார். அடுத்த முறை அவர் சைடு விங்குக்குப் போனதும் ஆள் தயாராக நிற்பார், மாற்று மைக் ஏறிவிடும். பார்வையாளர்களில் பாதிப் பேருக்கு ஒன்று நடந்ததே தெரியாது. விமர்சகர் மட்டும் முதல் சொல் கேட்கவில்லை என்று எழுதுவார்.

இதில் அரங்கத்தின் கையில் இல்லாத சங்கதிகளும் இருக்கின்றன. வயர்லெஸ் மைக் ஓடுவது வானலையில், அந்த வானலைக்கு இப்போது போட்டி அதிகம். அமெரிக்காவில் 2010-ல் 700 மெகாஹெர்ட்ஸ் வரிசையிலிருந்தும், 2020-ல் 600 மெகாஹெர்ட்ஸில் பெரும்பகுதியிலிருந்தும் மைக்குகளை வெளியேறச் சொல்லிவிட்டார்கள். அந்த இடமெல்லாம் செல்போன் சேவைகளுக்குப் போனது. நன்றாக வேலை செய்த கருவிகளையே தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. மிச்சமிருக்கும் குறுகிய இடத்தில் முப்பது நாற்பது மைக்குகளை ஒன்றோடொன்று மோதாமல் அடுக்குவது ஒரு தனிக் கணக்கு.

இதெல்லாம் காதுக்கு வரும் துன்பம், பொறுத்துக்கொள்ளலாம். மேடையே நகர ஆரம்பிக்கும்போதுதான் நிஜமான பயம் வருகிறது. இன்றைய பெரிய இசை நாடகங்களில் படிக்கட்டு தானாக வருகிறது, தரை சுழல்கிறது, ஆள் தரைக்குள் இறங்குகிறார், இன்னொருவர் கூரைக்குப் பறக்கிறார். எல்லாம் மோட்டார், எல்லாம் கம்ப்யூட்டர். இவற்றில் பலவற்றை இயக்குபவர் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், கையை எடுத்தால் நகர்வது நின்றுவிடும், அப்படித்தான் வேண்டுமென்றே செய்து வைத்திருக்கிறார்கள். வழியில் ஆள் நிற்பதாகச் சந்தேகம் வந்தாலும் நிற்கும், கருவி போக வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போகவில்லை என்று சென்சார் சொன்னாலும் நிற்கும். உட்கார்ந்திருக்கும் நமக்கு அது 'கோளாறு'. மேலே கயிற்றில் தொங்கிக்கொண்டிருப்பவருக்கு அது உயிர்.

நியூயார்க்கில் 'ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் தி டார்க்' இசை நாடகத்தின் முதல் முன்னோட்டக் காட்சி (முறையான தொடக்கத்துக்கு முன்பே பார்வையாளர்களை வைத்து நடத்திப் பார்க்கும் காட்சி) 2010 நவம்பர் 28 அன்று நடந்தது. பலமுறை நிறுத்தி நிறுத்தி நடத்தினார்கள், நாயகனே பார்வையாளர்களின் தலைக்கு மேலே அந்தரத்தில் தொங்கினார், பத்திரிகைகள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டன. மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 20 அன்று, கிறிஸ்டோபர் டியர்னி என்ற நடிகர் சுமார் 30 அடி உயரத்திலிருந்து விழுந்தார். அவரைப் பிடித்து நிறுத்த வேண்டிய பாதுகாப்புக் கயிறு மாட்டப்படவில்லை. கணினிக் கோளாறு கிடையாது, மோட்டார் கோளாறு கிடையாது, ஒரு கொக்கி. பலத்த எலும்பு முறிவுகளோடு பிழைத்தார், பிறகு மேடைக்கும் திரும்பினார். கயிறு மாட்டியிருக்கிறதா என்பதை இன்னொரு ஆளும் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு அதன்பிறகுதான் வந்தது. முதல் நாள் நின்று நின்று ஓடிய காட்சியையும் இந்த விபத்தையும் ஒரே நாடகத்தின் 'தொடர் சொதப்பல்கள்' என்று சேர்த்து எழுதியவர்கள் நிறைய. அந்த நிறுத்தங்களில் பார்வையாளர்களுக்குப் போனது கொஞ்ச நேரம், இந்தக் கயிற்றினால் ஒரு மனிதர் மருத்துவமனைக்குப் போனார்.

'விக்கட்' இசை நாடகத்தின் நாயகியாக நடித்த இடினா மென்செலுக்கு நடந்ததும் இந்த மாதிரி விபத்துதான். 2005 ஜனவரி 8 அன்று, அவருடைய கடைசிக் காட்சிக்கு முந்தைய நாள், மேடைத் தரையில் இருக்கும் திறப்பு வழியாக விழுந்து விலா எலும்பில் விரிசல். மாற்று நடிகை வந்து நாடகத்தை முடித்தார். அதே நாடகத்தில் நாயகி அந்தரத்தில் எழும் புகழ்பெற்ற கட்டம் ஒன்று உண்டு, தூக்கும் கருவி மறுத்துவிட்டால் அதற்கென்று ஒரு மாற்றுத் திட்டம் தயாராக வைத்திருக்கிறார்கள்: நாயகி தரையிலேயே நின்று பாடுவார், சுற்றியிருக்கும் கூட்டம் தரையில் விழுந்து படுத்துக்கொள்ளும், அவர் உயரத்தில் இருப்பதாக நாம் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் சந்தேகமான கருவியில் ஒருவரை ஏற்றி அனுப்புவதைவிட இது ஆயிரம் மடங்கு புத்திசாலித்தனம் என்பேன்.

சிரிக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 1997-ல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்கு 'டைட்டானிக்' இசை நாடகம் வந்தது (சினிமா வந்தது அந்த வருடக் கடைசியில்தான்). முன்னோட்டக் காட்சிகளில் மேடைக் கப்பல் மூழ்க மறுத்துவிட்டது! இதற்குச் சிரிக்காவிட்டால் எதற்குச் சிரிப்பது. அதே நாடகம் அந்த ஆண்டின் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதை, அதாவது பிராட்வே நாடகங்களுக்குத் தரும் பெரிய விருதை, வாங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நியாயம்.

அரங்க நிர்வாகங்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. நிறுத்துகிறீர்கள், நல்லது, ஆனால் திரையை இறக்கிவிட்டுப் பத்து நிமிடம் வாயே திறக்காமல் இருப்பது ஏன்? 'தொழில்நுட்பக் காரணம்' என்று மழுப்பாமல், சுழலும் மேடை சிக்கியிருக்கிறது, யாருக்கும் அடிபடவில்லை, சரிசெய்கிறோம் என்று ஒருவர் வந்து சொன்னால் கூட்டம் பொறுமையாக இருக்கும். சொல்லாவிட்டால்தான் ஒரே தாளத்தில் கைதட்டி அவசரப்படுத்துகிறார்கள், அந்தக் கைதட்டல் மேடைக்குப் பின்னால் கொக்கியைப் பரிசோதித்துக்கொண்டிருப்பவர் காதிலும் விழும், அவசரத்தில் அவர் ஒன்றை விட்டுவிட்டால் யார் பொறுப்பு? என்ன ஆனாலும் நாடகம் நடந்தே தீர வேண்டும் என்ற பெருமைப் பேச்சையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

உங்கள் செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு காட்சி பாதியில் நின்றதாகச் செய்தி வந்தால், எது நின்றது, யார் நிறுத்தினார்கள், யாருக்காவது அடிபட்டதா, திரும்ப எப்போது தொடங்கினார்கள் என்ற நான்கையும் கேட்டு எழுதுங்கள். ஒலி மேசையில் இருந்தவரிடமும் மேடை நிர்வாகியிடமும் இரண்டு வார்த்தை பேசினால் போதும், அவர்களிடம் யாரும் பேசுவதில்லை என்பதால் சந்தோஷமாகவே சொல்வார்கள்.

இப்படிக்கு,
நாடகங்களை விடாமல் பார்க்கும் ஒரு வாசகர்