துணிக்கொடிக் கம்பங்கள்

கெம்னிட்ஸ், ஜெர்மனி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

வீடியோவில் தெருவைக் காட்டியபோது, "என்னப்பா, ஆளையே காணோம்?" என்று கேட்டீர்கள். போனில் சொல்லி முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் கோவையைத் தென்னிந்திய மான்செஸ்டர் என்கிறோமே, இந்த ஊருக்கும் 'சாக்சனியின் மான்செஸ்டர்' என்றுதான் பேர். நூல், துணி, நெசவு இயந்திரம் என்று வாழ்ந்த ஊர். கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் ஆட்சியில் 1953 முதல் 1990 வரை கார்ல் மார்க்ஸ் நகரம் என்று அழைத்தார்கள். 1990 ஜூலையில் மேற்கு ஜெர்மனியின் பணம் இங்கே புழக்கத்துக்கு வந்ததும் சரக்கு விலை எக்கச்சக்கமாகிவிட்டது. வழக்கமாக வாங்கிய சோவியத் பக்கத்து நாடுகளால் அந்த விலை கொடுக்க முடியவில்லை. ஆலைகள் வரிசையாக மூடின. இளவயதுக்காரர்கள் மேற்கே கிளம்பிவிட்டார்கள், அதிலும் பெண்கள் அதிகம். கிழக்கு ஜெர்மனியில் பிறக்கும் குழந்தைகளே சில வருடங்களில் பாதியாகிவிட்டன. அன்று சுமார் 3 லட்சம் பேர் இருந்த ஊரில், அக்கம்பக்கத்துக் கிராமங்களைச் சேர்த்த பிறகும் இன்று இரண்டரை லட்சம்தான்.

நான் இருப்பது 1974இல் கட்டத் தொடங்கிய ஹெக்கர்ட் குடியிருப்பில். தொழிற்சாலையில் வார்த்த சிமென்ட் பலகைகளைக் கிரேனால் அடுக்கிக் கட்டிய வீடுகள். காலியாகக் கிடந்தவற்றை இடிக்க 2002இல் அரசே திட்டம் போட்டுப் பணம் கொடுத்தது. கிழக்கு முழுக்க ஏறக்குறைய 3 லட்சம் வீடுகள் போயின. நல்ல வீடுகள் அப்பா, நினைத்தாலே மனசு ஆறவில்லை.

என் ஜன்னலுக்கு எதிரே ஒரு புல்வெளி. நடுவில் துணி காயப்போடக் கொடி கட்டும் இரும்புக் கம்பங்கள் மட்டும் நிற்கின்றன. கட்டடம் இல்லை. கீழ்வீட்டுப் பாட்டி ஒருநாள் அங்கே நின்று அந்தரத்தில் விரல் நீட்டி, "மூன்றாவது மாடி, அதுதான் என் சமையலறை" என்றார். மகள் மேற்கே பவேரியாவில். பேரன் படித்த பள்ளியும் இப்போது இல்லையாம்.

"உங்கள் ஊரிலும் மில் மூடினார்களா?" என்று கேட்டார். மூடினார்கள், அப்பா பஸ் பிடித்துத் திருப்பூருக்கு வேலைக்குப் போனார், ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுவார் என்றேன்.

"தினமும் ராத்திரி வீட்டுக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அம்மாவைத் தைலம் தேய்க்கச் சொல்லுங்கள். சித்திரைக்கு வரப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்