கால்சியம் ஃபுளோரைடு கேட்டேன், கண்ணாடி வந்திருக்கிறது

அனுப்புநர்: ஆய்வு மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: நுண்ணோக்கிக்கு வாங்கிய ஃப்ளோ செல்லை மாற்றித் தருவது குறித்து

ஐயா,

வணக்கம். உங்களிடம் வாங்கிய ஃப்ளோ செல்லில் (இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே தண்ணீர் ஓடும் மெல்லிய அறை) கால்சியம் ஃபுளோரைடு ஜன்னலுக்குப் பதில் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. இதைச் சொன்னபோது, போனில் பேசிய உங்கள் ஊழியர், "ரெண்டும் கண்ணாடி மாதிரிதானே மேடம், வித்தியாசம் தெரியாது" என்று சொல்லிவிட்டார். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் அடிபம்புத் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் வடிகட்டித்தான் குடிக்கிறோம். வடிகட்டியின் மெல்லிய குழாயைக் கழற்றினால் உள்ளே வழவழவென்று ஒரு படலம் இருக்கும். பாக்டீரியாக்கள் தாங்களே சுரக்கும் பசைக்குள் கூடி வாழும் பயோஃபிலிம் அது. அவ்வளவு குறுகலான இடத்தில் அது எப்படி வளர்கிறது, முதலில் சேர்வது புரதமா சர்க்கரைப் பசையா என்பதுதான் என் ஆய்வு. அகச்சிவப்பு நுண்ணோக்கியில் சாயம் ஏற்றாமலே இதைப் பார்க்கலாம். புரதம் 1650, 1550 செ.மீ⁻¹ (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் ஒளி அலைகளின் எண்ணிக்கை) அருகே ஒளியை உறிஞ்சும். சர்க்கரைப் பசை 1000 முதல் 1100 வரை.

சாதாரணக் கண்ணாடி 2000க்குக் கீழே ஒளியை விடாது. அதனால்தான் அந்தப் பகுதியிலும் ஒளியை விடும் கால்சியம் ஃபுளோரைடு ஜன்னல் என்று ஆர்டரில் எழுதினேன், அதற்கான விலையையும் கொடுத்தோம். வந்ததைப் பொருத்தி ஒன்பது நாள் படலம் வளர்த்தேன். எனக்கு வேண்டிய பகுதி முழுக்க வெறும் இரைச்சல். என் கைதான் சரியில்லை என்று நினைத்து, திரவ நைட்ரஜன் ஊற்றி, ஒளியை அளக்கும் டிடெக்டரைத் திரும்பக் குளிரவைத்து, ராத்திரி வரை உட்கார்ந்து மறுபடி எடுத்தேன். கடைசியில் செல்லைக் காலி செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமலும் 2000க்குக் கீழே ஒளி வரவில்லை.

அப்புறம் இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே வைக்கும் இடைவெளித் தகடு. கேட்டது 8 மைக்ரான். காலி செல்லின் நிறமாலையில், ஜன்னல்களுக்கு நடுவே ஒளி பட்டுத் திரும்புவதால் உண்டாகும் அலைகள் 100 செ.மீ⁻¹க்கு ஒன்றாக வந்தன. அப்படியென்றால் இடைவெளி 50 மைக்ரான். தண்ணீரும் 1640 பக்கத்தில் உறிஞ்சுகிறது. இடைவெளி 10 மைக்ரானைத் தாண்டினால் புரதத்தின் அடையாளம் தண்ணீரில் முங்கிவிடும். எனவே ஜன்னலை மட்டும் மாற்றினால் போதாது.

இரண்டு கால்சியம் ஃபுளோரைடு ஜன்னல்கள், 8 மைக்ரான் தகடு, அந்த ஜன்னல்களிலேயே எடுத்த ஒளி ஊடுருவல் வரைபடம் மூன்றையும் பதினைந்து நாளுக்குள் அனுப்புங்கள். முடியாவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். ரசீது நகலையும் இரண்டு நிறமாலைகளையும் இணைத்திருக்கிறேன். கால்சியம் ஃபுளோரைடு சுலபமாக விரிசல் விடும், பஞ்சு வைத்துக் கட்டி அனுப்பவும்.

இப்படிக்கு,
ஆய்வு மாணவி