சோழவரத்தின் நினைவுகளை எடைக்குப் போட விடாதீர்கள்

பெறுநர்: தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பாளர்கள், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் நிர்வாகிகள்

மதிப்பிற்குரிய பெரியோர்களே,

வணக்கம். சென்ற ஆண்டு இராயப்பேட்டையில் ஒரு முதிய மெக்கானிக் காலமானார். 1983 முதல் 1988 வரை அவருடைய பட்டறையில் நான் கையாளாக வேலை பார்த்தவன் என்பதால், பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தபோது, அவர் எழுதிவைத்திருந்த நோட்டுப் புத்தகங்களை ஒருமுறை பார்க்கலாமா என்று அவருடைய மகனிடம் கேட்டேன். வீட்டை ஒழித்தபோது பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டதாக அவர் வருத்தத்துடன் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் புத்தகங்கள் என்னவென்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அன்றிரவு வீடு திரும்பியதும் எழுதத் தொடங்கிய மடல் இது. பலமுறை அடித்துத் திருத்தி இன்றுதான் முடித்திருக்கிறேன்.

அவை பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் கோடு போட்ட நோட்டுகள்தாம். ஆனால் அவற்றில், சோழவரம் மோட்டார் பந்தயங்களுக்காக எங்கள் பட்டறையில் கட்டிய வண்டிகளைப் பற்றி, எந்த வண்டி, யார் ஓட்டியது, கார்புரேட்டரில் எந்த எண் ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளை), பின்சக்கரத்தில் எத்தனை பல் ஸ்ப்ராக்கெட், கால் மைல் தூரத்தை எத்தனை வினாடியில் கடந்தது என்று எட்டு ஆண்டுக் கணக்கு இருந்தது. பிப்ரவரி மாதத்துக் காலைப் பனியில் காற்று அடர்த்தியாக இருக்கும்போது ஒரு ஜெட்டும், பதினொரு மணி வெயிலில் அதைவிடச் சிறிய ஜெட்டும் போட வேண்டும் என்பதை அவர் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை. ஓட்டி முடித்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். முனை வெந்த செங்கல் நிறத்தில் இருந்தால் சரி, வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் மிகுதி. அந்த நிறத்தையும் பென்சிலால் குறித்துக்கொள்வார். சென்னை மண்ணில், சென்னை வெப்பத்தில், டூ ஸ்ட்ரோக் எஞ்சினை எப்படி வேகமாக ஓடவைப்பது என்ற அறிவின் முதல்நிலைச் சான்று அது. இன்று அது ஏதோ ஒரு காகித ஆலையில் கூழாகியிருக்கும்.

சோழவரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனினும் இம்மடலைப் படிக்கும் இளையோருக்காகச் சில வரிகள் எழுதுகிறேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானங்களுக்காகச் செங்குன்றத்தைத் தாண்டிச் சோழவரத்தில் ஓர் ஓடுதளம் அமைக்கப்பட்டது. போர் முடிந்து விமானங்கள் போய்விட, நீண்டு கிடந்த அந்தத் தளம் மட்டும் வெயிலில் காய்ந்தது. 1953ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓடவிட்டது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தப் பந்தயத் தடம் திறக்கப்படும்வரை, இந்நாட்டு மோட்டார் பந்தயத்தின் தலைவாசல் சோழவரம்தான். கல்கத்தாவுக்கு அருகே பாரக்பூரிலும் பம்பாயின் ஜுஹுவிலும் விமானத் தளங்களில் பந்தயங்கள் நடந்ததுண்டு. ஆயினும் சோழவரம் அளவுக்கு மக்கள் மனத்தில் ஊன்றிய இடம் வேறில்லை என்பது என் எண்ணம்.

நான் முதன்முதலில் அங்கே போனது 1979ஆம் ஆண்டு, பன்னிரண்டு வயதில். பாரிமுனையிலிருந்து பேருந்தில், மாமாவின் மடியில் உட்கார்ந்து போனேன். வைக்கோல் கட்டுகள் மட்டுமே எங்களுக்கும் வண்டிகளுக்கும் இடையே இருந்த வேலி. விளக்கெண்ணெய் கலந்த மசகெண்ணெய் எரியும்போது வரும் அந்தத் தித்திப்பான புகைமணம், முறுக்கு விற்றவரின் கூடையிலும் ஏறி, அன்று தின்ற முறுக்கிலேயே அது இருந்ததாக எனக்கு நினைவு. சுற்றுப்புற ஊர்களிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்திருந்தவர்கள், எந்தக் கார் எந்த நாட்டது என்று அறியாமலேயே, சத்தத்தைக் கேட்டு வெல்லப்போகும் வண்டியைச் சரியாகச் சொன்னார்கள்.

அந்த ஓடுதளத்தில் ஓடிய பெரியவர்களின் பெயர்கள் காப்பாற்றப்பட்டுவிட்டன. அதில் எனக்கு மகிழ்ச்சியே. கிளப்பை வளர்த்த இந்து சந்தோக், அவர் மகன் விக்கி சந்தோக் ஆகியோரை இத்துறை மறக்கவில்லை. இந்து சந்தோக்கின் பேரன் கருண் 2010இல் ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கினார். கோவையின் கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைத் தம் ஊரிலேயே கட்டி, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளும் எட்டிப்பிடிக்கும் உயரத்துக்கு இவ்விளையாட்டைக் கொண்டுவந்தார். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தபின், செட்டிபாளையத்துத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் வடித்த வகைக் காரில் பந்தய வாழ்வைத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். மோட்டார் சைக்கிளில் பட்டங்கள் குவித்த ஆர். ஏ. அப்துல்லாவின் மகள் அலிஷா, தந்தையின் தடத்தில் தானும் பந்தய வீராங்கனையானார்.

நான் கவலைப்படுவது இவர்களுக்காக அன்று. வாரம் முழுவதும் வங்கியிலோ அச்சகத்திலோ வேலை பார்த்து, சம்பளத்தில் மிச்சம்பிடித்து டயர் வாங்கி, அலுவலகத்துக்கு ஓட்டிச் சென்ற அதே வண்டியின் முகப்பு விளக்கையும் மட்கார்டையும் கழற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் நின்ற நூற்றுக்கணக்கான உள்ளூர்க்காரர்களுக்காகவும், அவர்களுக்கு வண்டி கட்டிக் கொடுத்த பட்டறைக்காரர்களுக்காகவும்தான் எழுதுகிறேன். கோப்பை வாங்கியவர்களின் பெயர் செய்தித்தாளில் வந்தது. ஆறாவதாக வந்தவரின் பெயர் அவருடைய மனைவிக்கும் மெக்கானிக்குக்கும் மட்டுமே தெரியும்.

அவர்கள் செய்த வேலையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். திருவொற்றியூர் புல்லட்டும் மைசூர் ஜாவாவும் யெஸ்டியும் ஆண்ட காலம் ஒன்று. 1983இல் ராஜ்தூத் 350, 1984இல் இன்ட்-சுசூகி, 1985இல் யமஹா ஆர்எக்ஸ் 100 என்று அடுத்தடுத்து வந்தபோது எங்கள் பட்டறையின் சத்தமே மாறிப்போயிற்று. சிலிண்டரின் புகைவாயைக் கைஅரத்தால் மயிரிழை மயிரிழையாக உயர்த்துவது, லேத்தில் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவது, தகட்டைக் கூம்பு கூம்பாக வெட்டி வளைத்து காஸ் வெல்டிங்கில் ஒட்டி, வயிறு பருத்த சைலன்சர் செய்வது என எல்லாமே கைக்கணக்கு, கண்கணக்கு. புதுப்பேட்டையில் கழிவு இரும்புக் குவியலுக்குள் தேடியெடுத்த உதிரிப் பாகம் ஒன்று, மறுவாரம் சோழவரத்தில் மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். புகைவாயை ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக அராவிவிட்டால், மேல் வேகம் கிடைக்கும், கீழ் இழுவை செத்துப்போகும். அராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. எங்கள் ஆசிரியரான அந்த மெக்கானிக் அரத்தைக் கையில் எடுத்தால் பட்டறையில் யாரும் பேசமாட்டோம்.

கட்டி முடித்த வண்டியை நேர்கோட்டில்தான் சோதிப்போம். பந்தயத்துக்கு முன்னால் பயிற்சிக்கு விடும் நேரத்தில், இரண்டு வண்டிகளை இணையாக நிறுத்தி, கைக்குட்டையை அசைத்து விடுவோம். டிராக் ரேஸ் என்று இன்று பிள்ளைகள் சொல்வது அதைத்தான். 402 மீட்டர், அதாவது கால் மைல். அமெரிக்காவிலும் அது போருக்குப் பிந்தைய விமானத் தளங்களில்தான் வளர்ந்தது என்பதைப் பிற்காலத்தில் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. வளைவு இல்லாத பந்தயத்தில் என்ன திறமை என்று கேட்பவர்கள் உண்டு. கிளட்சை அரைப்பங்கு விட்ட நிலையில் எஞ்சினின் முழு முறுக்கையும் பிடித்து நிறுத்தி, முன்சக்கரம் தூக்காதபடி நெஞ்சை டேங்கின்மேல் சாய்த்து, பின்சக்கரம் வழுக்கும் எல்லைக்கு ஒரு விரல் முன்னால் வண்டியை விடுகிறானே, அந்த முதல் இரண்டு வினாடிக்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. நான் ஸ்டாப்வாட்ச் பிடித்துக்கொண்டு எல்லையில் நிற்பேன். நன்றாகக் கட்டிய ராஜ்தூத் பதினைந்து வினாடியை ஒட்டி வந்து சேரும்போது, ஆசிரியர் நேரத்தைக் கேட்கமாட்டார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு நோட்டை எடுப்பார்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். சோழவரம் ஆண்டில் சில நாட்கள்தான் எங்களுக்குக் கிடைத்தது. மற்ற நாட்களில் எங்களில் சிலர் விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் அதே விளையாட்டை ஆடினார்கள். நானும் இருமுறை போயிருக்கிறேன். 1987ஆம் ஆண்டு, எங்கள் பட்டறையிலேயே என்னோடு கையாளாக இருந்த நண்பன், இருபது வயதில், அப்படி ஒரு விடியலில் பால் வண்டியின்மீது மோதி இறந்தான். நேர்கோட்டில் அவனைவிட நன்றாக வண்டியை விட்டவரை நான் பார்த்ததில்லை. அவன் நேரங்களும் அந்த நோட்டில் இருந்தன. அவன் பெயர் எழுதப்பட்ட ஒரே பந்தய ஆவணம் அதுதான். சாலைப் பந்தயத்தை நான் எந்நாளும் ஆதரிக்கமாட்டேன். ஆனால் அந்தத் தலைமுறையின் கதையை எழுதும்போது, இடமின்றிச் சாலைக்குப் போய் மாண்ட பிள்ளைகளை விட்டுவிட்டு எழுதினால் அது பாதிக் கதையாகத்தான் இருக்கும்.

பிற நாட்டார் இத்தகைய நினைவுகளை எப்படிப் போற்றுகிறார்கள் என்று பாருங்கள். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன், சோழவரம் போலவே போர்க்கால விமானத் தளம். 1948இல் அங்கே தொடங்கிய பந்தயங்களின் வரலாற்றைச் சொல்ல அங்கேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய பாடிங்டன் விமானத் தளத்தில் 1966இல் தொடங்கிய சான்டா பாட் நேர்கோட்டுத் தடம் இன்றும் ஓடுகிறது. அமெரிக்காவில் டான் கார்லிட்ஸ் என்னும் டிராக் வீரர் தாமே ஓர் அருங்காட்சியகம் அமைத்து, தம்முடைய கார்களோடு தம் போட்டியாளர்களின் கார்களையும் அதில் காட்சிக்கு வைத்தார். தோற்றவர்களின் வண்டியும் வரலாறுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நம் மாநிலத்துக்கும் இன்று இதைச் செய்யும் வலிமை உண்டு. 2024 ஆகஸ்டு இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் தெருத்தடத்தில் இரவுப் பந்தயம் நடத்தியது உங்கள் ஆணையமும் சேர்ந்துதான். அன்று மாடிகளிலும் பாலங்களிலும் நின்று பார்த்த கூட்டத்தில் நானும் ஒருவன். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றபோது தமிழ்நாடே கொண்டாடியது. இருங்காட்டுக்கோட்டையில் 402 மீட்டர் தேசிய டிராக் போட்டிகளே முறைப்படி நடக்கின்றன. பெங்களூரின் ஹேமந்த் முத்தப்பா போன்றவர்கள் அங்கே மின்விளக்குத் தொடக்கத்தோடும் ஆயிரத்திலொரு பங்கு வினாடிக் கணக்கோடும் ஓடுகிறார்கள். கைக்குட்டை அசைத்து விட்ட எங்களுக்கு அதைப் பார்ப்பது பெரிய நிறைவு. அந்த விளக்குகளுக்குப் பின்னால் இருக்கும் நாற்பது ஆண்டு உழைப்பைச் சொல்ல மட்டும் அங்கே ஒரு சுவரும் ஒரு பலகையும் போதும்.

ஆகவே நான் கேட்பது பெரிய கட்டடம் அன்று. முதலாவதாக, சோழவரத்தில் ஓடியவர்கள், வண்டி கட்டியவர்கள், வைக்கோல் கட்டு அடுக்கியவர்கள், கொடி அசைத்தவர்கள், தண்ணீர் விற்ற ஊர்க்காரர்கள் ஆகியோரின் நினைவுகளைக் குரலாகவும் படமாகவும் பதிவுசெய்ய ஒரு சிறு குழுவை அமையுங்கள். மாநிலத்தின் கல்லூரிகளில் தமிழும் வரலாறும் இதழியலும் படிக்கும் மாணவர்கள் இதை மகிழ்ச்சியோடு செய்வார்கள். கிளப்பின் பழைய பதிவேடுகளில் உள்ள பங்கேற்பாளர் பட்டியல்களை, வென்றவர் தோற்றவர் என்று பிரிக்காமல் முழுமையாக வெளியிடுங்கள். பேரப்பிள்ளைகள் தம் தாத்தாவின் பெயரைத் தேடிக் கண்டெடுக்கட்டும். வீடுகளின் பரண்களில் கிடக்கும் நோட்டுகள், புகைப்படங்கள், ஸ்டாப்வாட்சுகள், கைப்பட அராவிய சிலிண்டர்கள் ஆகியவற்றை ஒப்படைக்க ஒரு முகவரியை அறிவியுங்கள். உரியவரின் அனுமதி பெற்று, அந்த ஓடுதளத்தின் அருகே ஒரு கல்லையாவது நடுங்கள். விவரம் தமிழிலேயே இருக்கட்டும், ஏனெனில் அந்த வண்டிகளைக் கட்டிய கைகளுக்கு உரியவர்கள் தமிழில்தான் கணக்கு எழுதினார்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் ஆண்டுக்கொரு ஞாயிறன்று பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளை அதே 402 மீட்டரில் ஒருமுறை ஓடவிட முடியுமானால், அன்று வரக்கூடிய முதியவர்களைக் கூட்டிவரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

என்னிடம் இருப்பவை குறைவு. 1985, 1986 ஆண்டுகளில் எடுத்த ஏழு கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள், ஆசிரியர் எனக்குக் கொடுத்த ஸ்டாப்வாட்ச், நோட்டிலிருந்து அக்காலத்தில் நான் பிரதி எடுத்துவைத்த இரண்டு பக்கங்கள். அவற்றுள் ஒரு பக்கத்தில் என் நண்பனின் நேரம் இருக்கிறது. இவை அனைத்தையும் எந்த நிபந்தனையுமின்றித் தர அணியமாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை, எங்கள் வட்டாரத்தில் அக்காலத்துப் பட்டறைக்காரர்கள் நால்வர் இன்னும் நலமாக இருக்கிறார்கள். நால்வரிடமும் பேசிவிட்டேன், நால்வரும் சம்மதித்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவருக்கு வயது 84. காலையில் மருந்தின் அயர்ச்சி இருப்பதால், மாலை நான்கு மணிக்குமேல்தான் அவரால் தொடர்ந்து பேச முடிகிறது. பதிவுசெய்ய வருபவர்கள் அந்த நேரத்தில் வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
சோழவரத்தில் ஸ்டாப்வாட்ச் பிடித்த பழைய கையாள் ஒருவன்
சென்னை