பகல் மின்சாரத்தைப் பொழுது பட்ட பிறகும் பாவிக்கப் பற்றரி வேண்டும்: கோரிக்கை மனு

2025 மே

செயலாளர்,
வலுசக்தி அமைச்சு,
கொழும்பு.

விடயம்: கூரைச் சோலார் வீடுகளுக்கும் வடக்கின் கிரிட் உபமின்நிலையங்களுக்கும் பற்றரிச் சேமிப்பு

மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணம் வலிகாமம் பக்கம் வீட்டுக் கூரையில் சோலார் பூட்டியிருக்கிற நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். போன சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 இலிருந்து 21 வரை, ஒவ்வொரு நாளும் பின்னேரம் 3 மணி மட்டும் கூரைச் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டது. நிறுத்தினோம். அலுவலகமும் தொழிற்சாலையும் பூட்டிக் கிடக்கிற நாளில் தேவை விழுந்துவிடும், வெயில் மட்டும் குறையாது, மிஞ்சுகிற மின்சாரத்தை நாட்டின் மின்வலையமைப்பான கிரிட் தாங்காது என்ற காரணம் எங்களுக்கு விளங்குகிறது, அதில் சண்டை இல்லை. ஆனால் பொழுது பட்டதும் நாடு வழக்கம்போல நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் நீருக்கும்தானே போகிறது? மத்தியானம் வேண்டாம் என்று தள்ளிய அதே சாமானை இரவு 7 மணிக்குக் கூடின விலைக்கு எரித்து எடுக்கிறோம்.

பெப்ரவரி 9 ஆம் திகதியை மறந்திருக்க மாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை, 11 மணி தாண்டினவுடன் நாடு முழுக்க மின்சாரம் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் வந்தது என்றார்கள், சனமும் நாலு நாள் அதை வைத்துச் சிரித்தது. குரங்கு தொடக்கி வைத்தது மட்டும்தான். நீர்மின், அனல்மின் நிலையங்களில் சுழல்கிற கனத்த இயந்திரங்களுக்கு ஒரு உந்தம் இருக்கும், எங்கேயாவது திடீரென்று கோளாறு வந்தால் அந்தச் சுழற்சியே சில விநாடிக்குக் கிரிட்டின் 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணைத் தாங்கிப் பிடிக்கும். சோலார் பலகையில் சுழல ஒன்றும் இல்லை. ஞாயிறு பகல் தேவை குறைவு, அதில் ஏறத்தாழ பாதி சூரிய மின்சாரம், சுழல்கிற இயந்திரங்கள் கொஞ்சம்தான். ஆகவே ஒரு இடத்தில் விழுந்த அடி தீவு முழுக்க ஓடியது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோய், பிறகு வந்த நாட்களில் ஒன்றரை மணித்தியால மின்வெட்டையும் அனுபவித்தோம்.

இந்த இடத்தில் பற்றரி செய்யக்கூடிய வேலையை வேறொன்றும் இவ்வளவு வேகமாகச் செய்யாது. அதிர்வெண் விழத் தொடங்கினதும் ஒரு விநாடிக்குள்ளேயே மின்சாரத்தை உள்ளே தள்ளும். தென் அவுஸ்திரேலியா 2016 செப்டெம்பரில் மாநிலம் முழுக்க இருண்ட பிறகு, ஹோர்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பற்றரி நிலையம் ஒன்றை ஒப்பந்தம் போட்டு 100 நாட்களுக்குள் கட்டி முடித்து, 2017 முடிவதற்குள் ஓட்டினார்கள், பிறகு 2020 இல் அதை 150 ஆக்கினார்கள். மகா ஓயாவில், மிஞ்சின மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துப் பிறகு திறந்து மின்சாரம் எடுக்கிற 600 மெகாவாட் நீரேற்றுத் திட்டம் வரட்டும், நல்லது, ஆனால் மலையைக் குடைந்து அது வந்து சேர எத்தனை வருடம் எடுக்கும் என்பது எங்களைவிட உங்களுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டு நிலைமையையும் ஒருக்காச் சொல்ல வேண்டும். வெயில் எரிக்கிற மத்தியானத்தில் ஒழுங்கை மின்கம்பியில் வோல்ட் ஏறும், 230 இருக்க வேண்டிய இடத்தில் பலகை மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றுகிற இன்வேர்ட்டரின் திரை 250ஐக் காட்டும், பிறகு சிவப்பு விளக்கு எரிந்து அது தானாகவே நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்துத் திரும்ப ஓடும், திரும்ப நிற்கும். மின்வெட்டு வந்தால் அதுவும் இல்லை. கம்பியில் வேலை செய்கிறவருக்கு அடிக்கக்கூடாது என்பதற்காக இன்வேர்ட்டர் மொத்தமாக நின்றுவிடும், அது சரியான ஏற்பாடுதான், ஆனால் உச்சி வெயிலில் கூரை நிறையப் பலகையும் கீழே ஓடாத ஃபிரிட்ஜுமாக இருப்பதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விளங்கப்படுத்தப் போனால் அவர் எங்களை மேலும் கீழும் பார்க்கிறார்.

பற்றரி வாங்கிப் பூட்டலாமே என்று கேட்பீர்கள். கணக்கு உதைக்கிறது. 2016 இல் அரசின் கூரைச் சோலார் திட்டமான சூரியபல சங்கிராமய தொடங்கினபோது சேர்ந்தவர்களுக்கு முதல் 7 வருடம் அலகுக்கு 22 ரூபா, அதன் பிறகு 15.50. மத்தியானம் 12 மணிக்கு அனுப்பினாலும் அதே விலை, நாடு தவிக்கிற இரவு 8 மணிக்கு அனுப்பினாலும் அதே விலை. அப்படியிருக்க யார் தன் காசைப் போட்டுப் பற்றரி வாங்குவார்? மின்சார சபையே நேரத்துக்கு ஏற்ற கட்டணத்தில் 6.30 இலிருந்து 10.30 வரை உச்ச நேரம் என்று கூட அறவிடுகிறது. நாங்கள் மின்சாரம் வாங்குகிறபோது இருக்கிற அந்த நேர வித்தியாசம் எங்களிடமிருந்து எடுக்கிறபோது மட்டும் ஏன் காணாமல் போகிறது?

5 கிலோவாட் பலகை நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 20 அலகு தரும். அதில் 5 அலகைப் பிடித்து வைக்கிற பற்றரி இருந்தாலே ஒரு சாதாரண வீட்டின் இரவு உச்ச நேரம் ஓடிவிடும். இப்படி ஒரு இலட்சம் வீடு சேர்ந்தால் 500 மெகாவாட் மணி, நாலு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் 125 மெகாவாட். சுன்னாகத்தில் எண்ணெயில் ஓடுகிற உத்துரு ஜனனி மின்நிலையமே 24 மெகாவாட்தான். எண்ணெய் எரித்து மின்சாரம் எடுத்தால் கிணற்றுக்கு என்ன வரும் என்று சுன்னாகத்துக்காரருக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை, அங்கே ஓடிய வேறொரு தனியார் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொன்ன ஊர் அது.

பற்றரி எல்லாவற்றுக்கும் மருந்து என்று நாங்கள் சொல்லவரவில்லை. கார்த்திகை மாரி பிடித்து நாலு நாள் சூரியன் தலைகாட்டாவிட்டால் அது கைகொடுக்காது, அதற்கு நீரும் அனலும் வேண்டும். மாரித் தண்ணீரை இரணைமடுக் குளத்தில் மறித்துச் சிறுபோகத்துக்குத் திறந்து விடுகிற மாதிரி, மத்தியான மின்சாரத்தை இரவு வரை மறித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அரசாங்கத்துக்கு இது புதிய யோசனையும் அல்ல. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்தியாவின் 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடையில் சூரிய ஒளி, காற்று, பற்றரி, டீசல் சேர்ந்த கலப்புத் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் சூரிய மின்சாரம் 1,700 கிலோவாட், பற்றரி 2,400 கிலோவாட் மணி. தீவுக்குப் பலகை வைத்தால் பற்றரியும் வைக்கத்தான் வேண்டும் என்பதை அங்கே யாரும் மறுக்கவில்லை. அயல்நாட்டோடு கம்பித் தொடர்பு இல்லாத முழு இலங்கையும் மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒரு தீவுதான்.

ஆகவே நாங்கள் கேட்பது: இரவு உச்ச நேரத்தில் பற்றரியிலிருந்து கிரிட்டுக்கு அனுப்புகிற அலகுக்குத் தனி விலை வையுங்கள், பழைய ஒப்பந்தக்காரர்களும் அதில் சேரக்கூடிய மாதிரி. வீட்டுப் பற்றரிக்கும் அதற்கேற்ற இன்வேர்ட்டருக்கும் இறக்குமதி வரியைக் குறைத்து, அரச வங்கிகளில் சலுகைக் கடன் தாருங்கள். வவுனியா, கிளிநொச்சி, சுன்னாகம் என்று நீண்டு வருகிற கம்பியின் கடைசியில் நாங்கள் இருக்கிறோம், வழியில் ஒரு இடத்தில் அறுந்தால் போதும். அதனால் சுன்னாகம் உபமின்நிலையத்தில் பெரிய பற்றரி நிலையம் ஒன்றை, உபமின்நிலையங்களுக்குப் பற்றரி வைக்கிற வேலையின் முதலாம் கட்டத்திலேயே சேர்த்து, அது எந்த வருடம் ஓடும் என்று எழுத்தில் சொல்லுங்கள். 2030 இல் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று இலக்கு வைத்துக்கொண்டு எங்களைப் பலகையை அணைக்கச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

அடுத்த நீண்ட விடுமுறைக்கு முன்னர் இதற்கு ஒரு பதில் எதிர்பார்க்கிறோம். யாழ்ப்பாணத்துக்கு அதிகாரி யாரையாவது அனுப்பினால், மத்தியானம் 12 மணிக்கு வரச் சொல்லுங்கள், இன்வேர்ட்டர்த் திரையையே காட்டலாம்.

இப்படிக்கு,
வலிகாமம் பகுதிக் கூரைச் சோலார் பாவனையாளர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)