சாய்வு 0.0000 அல்ல: குரோமடோகிராபி மென்பொருள் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

குரோமடோகிராபி மென்பொருளை எழுதுகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் வணக்கம்.

தஞ்சாவூரில் ஓர் ஆய்வகத்தில், அரிசியில் தங்கும் பூச்சிக்கொல்லி எச்சத்தை அளப்பது என் வேலை. கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் குரோமடோகிராபி கருவியில்தான் அதைச் செய்கிறேன். சம்பா அறுவடை முடிந்த கையோடு மாதிரிப் பைகள் வந்து குவிந்துவிடும். சென்ற பருவத்தில் திருவாரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், அறிக்கையோடு காலிபரேஷன் தாளையும், அதாவது செறிவு தெரிந்த கரைசல்களை வைத்துப் போட்ட அளவுகோட்டின் சமன்பாடு உள்ள தாளையும், கேட்டு வாங்கிப் போனார். அவர் மகள் வேதியியல் படிக்கிறாள். மறுநாள் தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, சாய்வு 0.0000 என்று அச்சாகியிருக்கிறதே. எதைப் பெருக்கினாலும் பூஜ்யம்தானே வரும்? பிறகு என் அரிசியில் மருந்து இருக்கிறது என்று எப்படி எழுதினீர்கள்?"

நியாயமான கேள்வி. மென்பொருள் உள்ளே முழு எண்ணையும் வைத்துத்தான் கணக்கிடுகிறது, தாளில் மட்டும் நான்கு தசமத்தோடு நறுக்கிவிடுகிறது என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் கையில் இருப்பது தாள்தான். மென்பொருளின் உட்புறம் அவருக்குத் தெரியாது.

எண்களோடு சொல்கிறேன். கருவி ஒரு மருந்துக்கு வரையும் முகட்டின் பரப்பு (பீக் பரப்பு) லட்சங்களில் வரும், செறிவோ லிட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான். பரப்பிலிருந்து செறிவைக் கணக்கிடும் சமன்பாட்டில் சாய்வு, அதாவது பரப்பைப் பெருக்கும் எண், மிகச் சிறியதாக இருப்பது இயல்பு. சாய்வு 0.00002417, பரப்பு 4,20,000, ஒரு மில்லி சாறு ஒரு கிராம் அரிசிக்குச் சமம் என்று வையுங்கள். உண்மையான விடை கிலோவுக்கு 10.15 மைக்ரோகிராம். நான்கு தசமத்தில் அச்சிட்டால் விடை பூஜ்யம். ஐந்து தசமத்தில் 8.4. ஆறில் 10.08. ட்ரைசைக்ளசோல் என்ற குலைநோய் மருந்துக்கு அரிசியில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்றிருந்த வரம்பை ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் 0.01 ஆகக் குறைத்தது. அதாவது கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். ஐந்து தசமத் தாளை வைத்துச் சரிபார்ப்பவருக்கு அந்த அரிசி தேறும். எங்கள் அறிக்கையிலோ வரம்பைத் தாண்டியிருக்கும். மாதிரி ஒன்று, ஊசியில் ஏற்றியதும் ஒரே முறைதான்.

நேர்கோட்டுக்குப் பதில் வளைந்த இருபடிக் கோடு என்றால் நிலைமை இன்னும் மோசம். பரப்பின் வர்க்கத்தைப் பெருக்கும் எண்ணான கெழுவில் முதல் பூஜ்யமில்லா இலக்கம் பத்தாவது, பன்னிரண்டாவது தசமத்தில்தான் தலைகாட்டும். எத்தனை தசமம் கூட்டினாலும் போதாது.

ஆகவே தசம இடங்களைக் கூட்டித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. முக்கிய எண்ணுருக்களை, அதாவது முன்னால் நிற்கும் பூஜ்யங்களை விட்டு எண்ணும் இலக்கங்களை, கேட்கிறேன். எங்கள் பிள்ளைகள் பதினோராம் வகுப்பு இயற்பியலில் படிக்கும் பாடம் அது. சாய்வு எவ்வளவு சிறியதானாலும் ஐந்தாறு முக்கிய எண்ணுருக்களோடு, தேவைப்பட்டால் பத்தின் அடுக்கில், அச்சாகட்டும். பூஜ்யம் அல்லாத கெழு எந்நிலையிலும் பூஜ்யமாகத் தெரியக் கூடாது. ஒரே ஓட்டத்தில் இருநூறு மருந்துகளைப் பார்க்கிறோம், ஒவ்வொன்றின் சாய்வும் ஒவ்வொரு அளவு. எல்லாவற்றுக்கும் ஒரே தசமக் கட்டுப்பாடு எப்படிப் பொருந்தும்?

சில மென்பொருள்களில் இந்த வசதி உண்டு என்பது எனக்குத் தெரியும். நிர்வாகி மட்டுமே திறக்கக்கூடிய ஏதோ ஒரு பட்டியலுக்குள் அது கிடக்கிறது. அதனால் ஆய்வகங்கள் குறுக்குவழி தேடுகின்றன. செறிவின் அலகை பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பிபிபிக்கு (நூறு கோடியில் ஒரு பங்கு) மாற்றினால் கெழு ஆயிரம் மடங்கு பெரிதாகி இலக்கங்கள் தெரியும். நானும் அப்படிச் செய்திருக்கிறேன், மனமில்லாமல்தான். எண்ணைக் காட்டுவதற்காக அலகை மாற்றும்போது அறிக்கையில் ஆயிரம் மடங்குப் பிழை நுழையக் கதவு திறந்துவிடுகிறது.

புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் R வர்க்கமும் இப்படித்தான். 0.9996 மூன்று தசமத்தில் 1.000 ஆகிறது. குறை சிறிதும் இல்லாத கோடு என்று அதைப் பார்ப்பவர் நம்பிவிடுவார். கீழ்ச் செறிவுப் புள்ளிகள் கோட்டிலிருந்து விலகியிருந்தாலும் அந்த எண் காட்டிக்கொடுக்காது. அந்தக் கோட்டை வைத்தே ஒவ்வொரு புள்ளிக்கும் மீள்கணக்கிட்ட செறிவுகளையும் பக்கத்திலேயே அச்சிட்டால் நன்று.

டெல்டாவில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வந்து பாருங்கள். ஈரப்பதமானியின் திரையையே விவசாயிகள் கண்கொட்டாமல் பார்த்து நிற்பார்கள். 17 சதவீதத்துக்கு மேல் ஒரு புள்ளி ஏறினாலும் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். மழையில் நனைந்த குறுவை நெல்லைச் சாலையில் காயவைத்துக் காத்திருந்தவர்கள் அவர்கள். கருவி காட்டும் எண்ணைப் படித்துப் பழகியவர்களின் கைக்குத்தான் என் காலிபரேஷன் தாளும் போகிறது.

ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரநிலையும், ஆய்வை மீண்டும் செய்து பார்க்கப் போதுமான விவரம் பதிவில் இருக்க வேண்டும் என்கிறது. 0.0000 என்ற சாய்வை வைத்து எதை மீண்டும் செய்வது?

அடுத்த பதிப்பில் கெழுக்கள் முக்கிய எண்ணுருக்களில் காட்டப்படுவதையே இயல்பு நிலையாக வையுங்கள். அந்த அமைப்பை யார், எப்போது மாற்றினார்கள் என்பது தணிக்கைப் பதிவில் ஏறட்டும். கணக்கிடும் முறையில் கைவைக்க வேண்டாம், அது சரியாகவே இருக்கிறது. குறுவை மாதிரிகள் வருவதற்குள் இது கிடைத்தால், வேதியியல் படிக்கும் அந்த விவசாயியின் மகளுக்குப் புதிய தாள் ஒன்றை அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
தஞ்சாவூரிலிருந்து ஓர் ஆய்வக வேதியியலர்