ஏரி நீர்மட்டக் கருவித் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மேல் ஏரி, நம் ஏரி, கீழ் ஏரி ஆகிய மூன்றின் கலங்கல்களிலும் (ஏரி நிரம்பினால் நீர் வழியும் சுவர்) நீர்மட்டக் கருவி பொருத்தும் வேலை முடிந்துவிட்டது. மூன்றும் கால்மணி நேரத்துக்கு ஒருமுறை அளவு அனுப்புகின்றன. மதிப்பீடு ₹4,80,000, முடிந்த செலவு ₹5,69,400. கூடுதலாகப் போன ₹89,400 எங்கே போனது, ஒப்பந்ததாரரை ஏன் பாதியில் நிறுத்தினீர்கள் என்று பொதுக்குழுவில் கேட்டீர்கள். வாட்ஸ்அப்பில் சிலர் எழுதியது குழுவின் நாணயத்தையே தொட்டது. கணக்கை மட்டும் நீட்டினால் போதாது, ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் சொல்ல வேண்டும் என்பதால் இந்த அறிக்கை நீள்கிறது.

மட்டப் பலகைகள் (நீர்மட்டத்தைக் கண்ணால் படிக்க அளவு குறித்த பலகைகள்), சூரியத் தகடுகள், பேட்டரிப் பெட்டிகள், அறிவிப்புப் பலகைகள் எல்லாம் மதிப்பீட்டுக்குள் முடிந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கத்தில் வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். பள்ளிக்கரணைச் சதுப்பில் போய் முடியும் நம் ஏரித் தொடரில் எந்தக் கலங்கல் எந்த மணிக்கு வழிந்தது, எவ்வளவு வழிந்தது என்பதற்கு ஒரு வரிப் பதிவுகூட இல்லை. பெரிய ஏரிக்குக் கணக்கு உண்டு, சிறிய ஏரிக்கு இல்லை. தெருவில் தண்ணீர் வருவதோ சிறிய ஏரியிலிருந்து. இதற்காகத்தான் கல்லூரி, தொழிற்கூடம், குடியிருப்போர் மூவரும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம். அளவீட்டு முறைக்கும் நிரலுக்கும் (கருவியை இயக்கும் கணினிக் கட்டளைகள்) கல்லூரி பொறுப்பு. கருவி செய்வது தொழிற்கூடம்; ஒப்பந்ததாரர் என்பது இவர்தான். தினமும் மட்டப் பலகையைப் பார்த்து எழுதுவது நாம். இந்த மூன்றாவது வேலையைச் சடங்கு என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். கடைசியில் தகராறைத் தீர்த்துவைத்தது அந்த நோட்டுப் புத்தகம்தான்.

கருவி செய்து பொருத்த ஒப்பந்தத் தொகை ₹2,40,000. முன்பணம் 30 சதவீதம், பொருத்தியதும் 40, மீதி 30 சதவீதமான ₹72,000 ஏற்புச் சோதனைக்குப் பிறகு. சோதனை இதுதான்: 30 நாள் தொடர்ந்து கருவியின் அளவும் மட்டப் பலகையின் அளவும் 2 செ.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும். இந்த விதியைக் கல்லூரியின் கட்டடவியல் துறை எழுதித் தந்தது. விதி கடுமையானது, ஒப்பந்ததாரர் ஓடிவிடுவார் என்று அப்போது சிலர் சொன்னார்கள். இது இல்லாதிருந்தால் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு நின்றிருப்போம்.

மகளிர் சுயஉதவிக் குழுவினர் காலை 6, மதியம் 2, மாலை 6 என்று பலகையைப் படித்துப் படமும் எடுத்தார்கள். காலையில் கருவியும் பலகையும் ஒரே இடைவெளியில் இருக்கும். மதியம் கருவி மட்டும் 10 செ.மீ. வரை ஏறும். மாலையில் இறங்கும். மழை இல்லாத வாரத்திலும் இதே கதை. காற்றில் எழும் அலை என்றார் ஒப்பந்ததாரர். அலையானால் ஏற்றமும் இறக்கமும் கலந்து வரும்; தினமும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் வராது. ஆவியாதல் என்றார். ஆவியானால் மட்டம் குறையும், ஏறாது. பெண்கள் தவறாகப் படிக்கிறார்கள் என்று கடைசியில் சொன்னார். தேதியும் மணியும் பதிந்த படங்களை எடுத்து வைத்ததும் அந்தப் பேச்சு நின்றது.

மாணவர்கள் பெட்டியைத் திறந்து நிரலைப் படித்தபோது காரணம் தெரிந்தது. இது மீயொலிக் கருவி: ஒலியைக் கீழே அனுப்பி, நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். காற்றில் ஒலியின் வேகம் வெப்பத்தோடு கூடும். 25 டிகிரியில் வினாடிக்கு ஏறத்தாழ 346 மீட்டர். 40 டிகிரியில் 355 மீட்டருக்கு மேல். கருவியில் வெப்பமானியே இல்லை. நிரலில் 340 என்று நிலையான எண் ஒன்று எழுதப்பட்டிருந்தது. திருட்டுக்குப் பயந்து கருவியைக் கலங்கலில் உயரமான கம்பத்தின் மேல் வைத்ததால் நீருக்கும் அதற்கும் 4 மீட்டர் தூரம். 15 டிகிரி வித்தியாசத்துக்கு 4 மீட்டரில் சுமார் 10 செ.மீ. பிழை வந்தே தீரும். வெயிலில் ஒலி சீக்கிரம் திரும்பும். கருவி நீர் கிட்டே வந்துவிட்டது என்று கணக்குப் போடும்.

வெறும் 10 செ.மீ.க்கா இவ்வளவு சண்டை என்று கேட்டவர்களுக்கு: கலங்கலில் வழியும் நீர், வழியும் உயரத்தோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை; உயரத்தின் ஒன்றரை அடுக்கில் கூடும். 20 மீட்டர் நீளக் கலங்கலில் 10 செ.மீ. உயரம் வழிந்தால் வினாடிக்கு ஏறக்குறைய 38 கன அடி. 20 செ.மீ. வழிந்தால் 107 கன அடி. நடுவில் இருக்கும் அந்த 10 செ.மீ.தான் கீழ்த்தெருக்காரர்கள் சாமான்களை மேலே ஏற்றுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது.

வெப்பத் திருத்தம் கூடுதல் வேலை, அதற்கு ₹45,000 வேண்டும் என்றார் ஒப்பந்ததாரர். அளவுகள் அவருடைய சர்வரில் இருக்கும், பார்ப்பதற்கு ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும் என்றும் சொன்னார். இரண்டையும் மறுத்தோம். சரியாக அளக்காத கருவியைச் சரியாக அளக்க வைப்பது கூடுதல் வேலை ஆகாது. இரண்டாவது கோரிக்கைக்கு உடன்பட்டிருந்தால், ஒரு ஆண்டு கட்டணம் கட்டத் தவறினால் மழைக்காலத்தில் நம் ஏரியின் மட்டமே நமக்குத் தெரியாமல் போயிருக்கும். பணத்தைக் கொடுத்துச் சமாதானமாகப் போயிருக்கலாமே என்ற உறுப்பினர்களிடம் உறுதியாகச் சொல்கிறோம்: இந்த இடத்தில் சமாதானம் செய்ய எங்களுக்கு உரிமை இல்லை. அது உங்கள் பணம், அளவும் உங்களுடையது.

கல்லூரிப் பேராசிரியர்கள் நடுவில் இருந்து பேசியதில் தீர்வு வந்தது. பாக்கி ₹72,000இல் பாதியான ₹36,000 கொடுத்தோம். பதிலாக நிரல் முழுவதையும், அதைத் திருத்தவும் வெளியிடவும் உரிமையையும் எழுத்தில் வாங்கினோம். மீதி ₹36,000 நமக்கே நின்றது. ஒப்பந்ததாரரின் பெட்டியும் ரேடியோ பலகையும் நல்ல வேலை; ஒரு மழைக்கும் தண்ணீர் உள்ளே போகவில்லை. அதையும் சொல்வதுதான் நியாயம்.

பிறகு செய்த திருத்தங்கள். மேல் ஏரியிலும் நம் ஏரியிலும் கம்பத்தை விட்டுவிட்டு, கலங்கலின் பக்கச் சுவரில் துருப்பிடிக்காத எஃகுத் தாங்கி அடித்து, கலங்கல் முகட்டுக்கு (நீர் வழியும் மேல் விளிம்பு) 1.2 மீட்டர் மேலே கருவியை இறக்கினோம். தூரம் குறைந்தால் பிழையும் குறையும். இதைவிடக் கீழே இறக்க முடியாது: 25 செ.மீ.க்குள் வரும் நீரை இந்தக் கருவியால் பார்க்க முடியாது, வெள்ளம் முகட்டுக்கு மேல் அரை மீட்டருக்கு மேலும் ஏறலாம். வெள்ளைப் பூச்சுப் பூசிய, காற்றுப் புகும் கூண்டுக்குள் நிழலில் வெப்பமானி வைத்தோம். இப்போது வித்தியாசம் 1 செ.மீ.க்குள் நிற்கிறது. திருட்டுக்குத் தனிச் சாவி போல்ட் போட்டிருக்கிறோம். சிலந்திதான் மிச்சம், கருவியின் வாயில் வலை கட்டினால் ஏரி நிரம்பிவிட்டதாகக் காட்டும். மாதம் ஒருமுறை துடைக்க ஆள் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கீழ் ஏரியில் பக்கச் சுவர் சிதைந்திருக்கிறது. பாலத்தின் அடியில்தான் இடம், தூரம் 5 மீட்டர். அங்கே மீயொலி சரிவராது. காற்றின் வெப்பம் பாதிக்காத ரேடார் கருவி வாங்கினோம்: ₹75,000, வரியோடு ₹88,500. கூடுதல் செலவில் பெரிய தொகை இதுதான். மூன்று இடத்திலும் ரேடார் போடச் சொன்னவர்களும் உண்டு, எங்குமே வேண்டாம் என்றவர்களும் உண்டு. தேவைப்பட்ட ஒரே இடத்தில் போட்டிருக்கிறோம்.

அடுத்தது ₹14,400: மட்டம் மறுபடி எடுத்ததற்கும் மூன்று பெஞ்ச் மார்க் கற்களுக்கும் (உயரம் குறித்து நட்ட நிலையான கற்கள்). முதலில் உயரங்கள் கைபேசி ஜி.பி.எஸ். வைத்துக் குறிக்கப்பட்டிருந்தன. அதில் சில மீட்டர் பிழை சாதாரணம். கட்டடவியல் மாணவர்கள் சமமட்டக் கருவியால் அளந்து, புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வந்து சரிபார்த்தார்கள். கலங்கல் முகடுதான் இப்போது பூச்சியம். அதற்கு மேல் கூட்டல், கீழே கழித்தல். கருவி கெட்டு மாற்றினாலும் கல் இருக்கும் வரை பழைய அளவும் புதிய அளவும் ஒட்டும். ₹22,500 அடுக்ககத் தண்ணீர்த் தொட்டி மேல் இருக்கும் கேட்வேக்கு (கருவிகள் ரேடியோவில் அனுப்பும் அளவுகளை வாங்கி இணையத்தில் சேர்க்கும் பெட்டி) இடிதாங்கியும் செம்புத் தரையிணைப்பும். இந்த மூன்றும் சேர்ந்து ₹1,25,400. நின்றுபோன ₹36,000 கழித்தால் ₹89,400.

ரேடியோ ஏன், சிம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு: 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம், மாதக் கட்டணமும் இல்லை. கரையில் கம்பம் நடக் குழி ஏன் தோண்டவில்லை என்றால், மண் கரையைத் தோண்டினால் நீர் கசியும் வழி பிறக்கும். நீர்வளத் துறை அனுமதி தராததும் அதனால்தான்.

பெரிய நிறுவனங்களிடம் சமூகப் பொறுப்பு நிதி ஏன் வாங்கவில்லை என்று பலர் கேட்டீர்கள். 2021 ஏப்ரல் முதல் அந்த நிதியைச் செலவிடும் அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 பதிவு வைத்திருக்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவுகளும் வேண்டும். நம் சங்கத்துக்கு இவை இல்லை. ஆகவே ஒரு நிறுவனம் கேட்வேயையும் சூரியத் தகடுகள் இரண்டையும் தானே வாங்கிக் கல்லூரிக்குக் கொடுத்தது. அவை மேற்படி கணக்கில் சேரவில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இருவர் தர முன்வந்த தொகையையும் சட்டப்படி வாங்க முடியாது என்று நன்றியோடு மறுத்தோம்.

நன்கொடைகள்: ஏரிக்கரைத் தெரு அடுக்ககக் குடியிருப்போர் ₹60,000, இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் ₹60,000, மேட்டுத்தெரு அடுக்ககத்தார் ₹45,000, மளிகைக் கடைக்காரர்கள் எழுவர் ₹35,000, இரும்புக் கடை உரிமையாளர் ₹25,000, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ₹25,000, தண்ணீர் லாரி உரிமையாளர்கள் ₹20,000, மருந்துக் கடை ₹10,000, மூன்று மகளிர் குழுக்கள் ₹9,000, ஆட்டோ நிறுத்தத்தார் ₹5,000. ஆக ₹2,94,000. உறுப்பினர் வசூல் ₹2,90,000. மொத்த வரவு ₹5,84,000; கையிருப்பு ₹14,600. எஃகுத் தாங்கிகளைக் கூலி வாங்காமல் செய்து தந்த அம்பத்தூர்ப் பட்டறைக்காரருக்கும், வெயிலில் போய்ப் பலகை படித்த பெண்களுக்கும் இந்தச் சங்கம் கடன்பட்டிருக்கிறது.

கல்லூரியோடு போட்ட ஒப்பந்தம் கட்டடவியல் துறையின் பெயரில் இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்கள் மே மாதம் போய்விடுவார்கள், வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். மாணவர் பெயரில் இருந்தால் மழை வரும்போது பேச ஆள் இருக்காது. கல்லூரி ஆய்வுக் கட்டுரை வெளியிடலாம், அளவுகளை மறைத்து வைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறோம். மதகு திறப்பது நீர்வளத் துறையின் முடிவு. அதில் நாம் தலையிடவில்லை. முகட்டுக்கு 30 செ.மீ. கீழே, முகடு, 15 செ.மீ. மேலே என்ற மூன்று நிலைகளில் நீர்வளத் துறைப் பொறியாளருக்கும் மாமன்ற உறுப்பினருக்கும் தெருப் பிரதிநிதிகளுக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகும். பகுதி சபையில் மழைநீர் வடிகால் பேச்சு வரும்போது இந்தப் பதிவுகளை வைத்துப் பேசலாம்.

ரசீதுகள், ஒப்பந்த நகல்கள், மட்டப் பலகை நோட்டுகள், நிரல் ஒப்படைப்புக் கடிதம் நான்கும் சங்க அலுவலகத்தில் ஞாயிறு காலை 10 முதல் 12 வரை பார்வைக்கு இருக்கும். கையிருப்பு ₹14,600 பேட்டரி மாற்றத்துக்கென்று தனியாக வைக்கப்பட்டுள்ளது. நம் ஏரிப் பலகையை மாலையில் படிக்க இன்னும் இருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு