நாயன்மார்கள் எடுத்துப்போன 63 ரூபாய்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மும்பை மாட்டுங்காவில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ ஒன்று சொன்னாய். “குழுவுக்குத் தலைவியான நாளிலிருந்து ஆபீசில் நான் சிரிப்பதே இல்லை பெரியம்மா. சிரித்தால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள்” என்றாய். உன் மேலதிகாரியும் அப்படித்தான் புத்தி சொன்னாராம். கொஞ்ச நேரம் கழித்து, உன் குழுவில் ஒரு பையன் தான் செய்த பிழையை இரண்டு நாள் மறைத்துவைத்து, அது வாடிக்கையாளர் வரைக்கும் போய்விட்டது என்று கொதித்தாய். நீ அவற்றை இரண்டு செய்தியாகச் சொன்னாய். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. அங்கேயே பேசியிருப்பேன், வாசலில் இடத்துக்குக் காத்திருந்தவர்கள் நம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன்னைப் போலப் புதிதாகப் பொறுப்பேற்ற பெண்கள் வேறு பலரும் படிக்கட்டும் என்றுதான் இப்படி எழுதுகிறேன். உன் பெயரை எழுதவில்லை, வீட்டில் கூப்பிடும் பெயர் போதும்.

“பெண் சிரித்தால் போயிற்று, புகையிலை விரித்தால் போயிற்று” என்று உன் பாட்டி அடிக்கடி சொல்வாள். நானும் உன் அம்மாவும் அதைக் கேட்டே வளர்ந்தோம். நம் வீட்டிலிருந்து நீ எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டாத சொத்து அது ஒன்றுதான். முப்பத்தெட்டு ஆண்டு வங்கி வேலையில் அந்தப் பழமொழி பொய் என்பதை நான் கண்ணால் கண்டேன்.

1979. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஃபோர்ட் பகுதியில் கிளை, செம்பூரில் மாமா வீட்டில் வாசம். கம்ப்யூட்டர் இல்லாத காலம். மாதக் கடைசியில் ஒவ்வொரு லெட்ஜரிலும் உள்ள நிலுவைகளைக் கையால் கூட்டி, கிளையின் மொத்தக் கணக்கான பொது லெட்ஜரின் தொகையோடு சரிபார்க்க வேண்டும். பைசா பிசகினாலும் வீட்டுக்குப் போக முடியாது. அன்றைக்கு 63 ரூபாய் உதைத்தது. மணி எட்டரை. பியூன் இரண்டு முறை டீ வாங்கி வந்துவிட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தோம். என் லெட்ஜரில்தான் தப்பு இருக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. ஆனால் வாயைத் திறக்கப் பயம்.

எங்கள் மேனேஜர் மயிலாப்பூர்க்காரர். பங்குனி உற்சவத்தைப் பார்த்தே வளர்ந்தவர். அறையிலிருந்து வெளியே வந்து, கரும்பலகையில் எழுதியிருந்த தொகையைப் பார்த்தார். “63-ஆ? அப்படியானால் திருட்டு இல்லை. அறுபத்துமூவரும் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு ரூபாய் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடியார்கள் கொண்டுபோனதைத் திருப்பிக் கேட்பது பாவம். ஆனால் தலைமை அலுவலகம் அந்தப் பாவத்துக்கு அஞ்சாதே, என்ன செய்வது?” என்றார். தமிழ் தெரிந்த நாங்கள் நான்கு பேர் விழுந்து விழுந்து சிரித்தோம். மராத்திக்காரர்களும் குஜராத்திக்காரர்களும் என்ன என்று கேட்க, அவர் தம்முடைய தட்டுத்தடுமாறும் ஹிந்தியில் நாயன்மார்களை விளக்கத் தொடங்கினார். அந்த விளக்கத்துக்கு இன்னும் பெரிய சிரிப்பு.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. “சார், என் லெட்ஜரை இன்னொரு தடவை பார்க்கட்டுமா?” என்றேன். அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் பெரும்பாலும் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும். 63-ஐ ஒன்பதால் வகுத்தால் ஏழு. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு இலக்கங்களில் ஒன்றுக்கும் மற்றதுக்கும் ஏழு வித்தியாசம் இருக்கிற இடமாகத் தேடு” என்றார். பத்தே நிமிடத்தில் கிடைத்தது. 1,418 என்று இருக்க வேண்டிய நிலுவையை 1,481 என்று எழுதியிருந்தேன். அவர் எழுந்து நின்று, “நாயனார் கிடைத்துவிட்டார், எல்லாரும் கிளம்புங்கள்” என்றார். யார் லெட்ஜர் என்று சொல்லவே இல்லை.

மறுநாள் காலை அறைக்குக் கூப்பிட்டார். அங்கே சிரிப்பு இல்லை. ஒரு மாதத்துக்கு எழுதும் ஒவ்வொரு தொகையையும் பென்சிலால் குறியிட்டுச் சரிபார்க்கச் சொன்னார். தினமும் மாலையில் அந்தக் குறிகளைத் தாமே வந்து பார்த்தார். ஒரு நாள் இரண்டு இடத்தில் குறி இல்லாததற்கு வாங்கிய திட்டு இன்றும் காதில் இருக்கிறது. கண்ணம்மா, அவர் தலைமேல் யாரும் ஏறி உட்காரவில்லை. அவரிடம் போய்த் தப்பைச் சொல்வதற்குத்தான் யாருக்கும் பயமில்லை.

இன்னொருவரிடமும் வேலை பார்த்தேன், சில வருடம் கழித்து வேறு கிளையில். அவரும் எல்லாரையும் சிரிக்கவைப்பார். ஹிந்தியில் எது ஆண்பால், எது பெண்பால் என்று எனக்கு எப்போதும் குழப்பம். நான் ‘மேரா’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘மேரி’ என்று சொன்னால், அதை என் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். கவுண்டரில் நிற்கும் வாடிக்கையாளர்கள் வரைக்கும் சிரிப்பார்கள். ஒரு வாரத்தில் நான் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். ஒரு காசோலையில் இருந்த கையெழுத்து, வங்கியில் வைத்திருந்த மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துவரவில்லை என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும், அதையும் ஹிந்தியில் சொல்ல வேண்டும். அரைமணி நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்காரர் பார்த்து வாங்கிக்கொண்டு போனதால் கிளை தப்பித்தது. உன் குழுப் பையனின் இரண்டு நாளுக்கும் என்னுடைய அந்த அரைமணிக்கும் நடுவில் அதிகத் தூரம் இல்லை.

தொல்காப்பியம் நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: எள்ளல் (பிறரைக் கேலி செய்வது), இளமை, பேதைமை, மடன். அலுவலக அதிகாரிகளில் நிறையப் பேருக்கு எள்ளல் ஒன்றுதான் தெரிகிறது. அதுதான் நகைச்சுவை என்று நம்பிவிடுகிறார்கள். அதைப் பார்த்து வெறுத்துப்போனவர்கள், சிரிப்பே வேண்டாம் என்று முகத்தை இறுக்கிக்கொள்கிறார்கள். உன் மேலதிகாரி இந்த இரண்டாவது வகை என்று நினைக்கிறேன். எள்ளலுக்கு எப்போதும் ஓர் ஆள் தேவை. மயிலாப்பூர்க்காரர் ஆளைத் தொடவே இல்லை, எண்ணைத் தொட்டார்.

2005 ஜூலை 26-ஐ உன் அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். அன்றைக்கு சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. ஃபோர்ட்டை ஒட்டிய கொலாபாவில் வெறும் 73. ஃபோர்ட்டில் இருந்த எங்களுக்கு ஜன்னல் வழியே பார்த்தால் சாதாரண மழைதான். ஆனால் ரயில் ஓடவில்லை, போன் கிடைக்கவில்லை. அப்போது கிளைக்கு நான்தான் பொறுப்பு. பதினான்கு பேர் உள்ளே மாட்டிக்கொண்டோம். பெஞ்சிலும் மேசையிலும் யாருக்கும் தூக்கம் வரவில்லை. நள்ளிரவு பன்னிரண்டு அடித்ததும் வருகைப் பதிவேட்டை எடுத்து 27-ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்தேன். “வாருங்கள், கையெழுத்துப் போடுங்கள். இந்தக் கிளையின் வரலாற்றில் முதல்முறையாக இன்று ஒருவருக்கும் லேட் மார்க் இல்லை” என்றேன். கல்யாண் ஊரிலிருந்து தினமும் பிந்தி வருபவர் ஓடி வந்து முதல் கையெழுத்தைப் போட்டார். அதன்பிறகு பிஸ்கட் பொட்டலம் வெளியே வந்தது, பாட்டு வந்தது.

ஒருத்தி மட்டும் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். குர்லாவில் வீடு, இரண்டு சின்னக் குழந்தைகள், ஒரு தகவலும் இல்லை. பதிவேட்டை அவளிடம் நான் கொண்டுபோகவில்லை. விடியும் வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கால்மணிக்கு ஒருமுறை அவள் பக்கத்து வீட்டுப் போன் எண்ணைச் சுழற்றிக்கொண்டே இருந்தேன். காலை ஆறரைக்கு மணி அடித்தது, பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தார், குழந்தைகள் மாடியில் பத்திரம் என்றார்.

நீ பெண் என்பதால் உன் சிரிப்பைச் சிலர் தவறாக எடுத்துக்கொள்ளலாம், அதை நான் மறுக்கவில்லை. எனக்கும் இரண்டு பேர் அப்படி வாய்த்தார்கள். வரம்பு மீறிய அன்றைக்கே அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன், நிறுத்திக்கொண்டார்கள். அந்த இரண்டு பேருக்காக மற்ற எல்லாரிடமும் முகத்தைப் பூட்டிக்கொள்ள நான் சம்மதிக்கவில்லை. நீயும் சம்மதிக்காதே.

நாளைக் காலை அந்தப் பையனைக் கூப்பிட்டுப் பேசப்போவதாகச் சொன்னாய் அல்லவா? கண்டிக்க வேண்டியதைக் கண்டி. அதற்கு முன்னால், நீ வேலைக்குச் சேர்ந்த வருடம் ‘சோதனை, சோதனை’ என்ற குறுஞ்செய்தியை உண்மையான வாடிக்கையாளர்கள் நாலாயிரம் பேருக்கு அனுப்பிவிட்டு, அவர்களில் ஒருவர் ‘எனக்கும்தான் வாழ்க்கையில் சோதனை’ என்று பதில் போட்ட கதையை அவனுக்குச் சொல். அன்று ராத்திரி எனக்குப் போன் செய்து நீ அழ ஆரம்பித்து, அந்தப் பதிலைப் படித்துக் காட்டும்போது சிரித்துவிட்டாய். அவன் என்ன சொன்னான் என்று எனக்குச் சொல். பத்து மணி வரை விழித்திருப்பேன்.

அன்புடன்,
பெரியம்மா